இரண்டாவது பிடி

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து கோவில் வாசலில், வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வரிசையில் நிற்கும்போது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. இந்த ஜனவரியில் எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற அந்த வசனம் நம்மில் பாதிப் பேர் வீட்டுக் காலண்டரில் எப்போதோ வந்திருக்கும். அட்டையைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு நடந்தேன். பிளஸ் டூ படிக்கிற என் மகள் கூடவே வந்தாள். தெரு முழுக்க சந்தோஷமாகக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மெதுவாகக் கேட்டாள், "ஏம்மா, கர்த்தர் ஏற்கெனவே எனக்கு ஒரு திட்டம் வெச்சிருக்காருன்னா, நாம எதுக்கு அஞ்சு இடத்துக்கு அப்ளிகேஷன் போடணும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்றேன். வீட்டுக்குப் போய் கேக் வெட்டினோம், படுத்தோம், பேசவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவே இல்லை. ஏனென்றால் அது அவள் கேள்வி மட்டும் இல்லை. 1998-இலிருந்து நான் சுமந்துகொண்டு திரிகிற கேள்வி, அவள் வாயிலிருந்து வேறு மாதிரி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் அப்பாவுக்கு சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சைக்கிள் கடை. கடைக்குப் பெயர் யேகோவாயீரே. பலகையில் அதை அவரே மஞ்சள் பெயின்டால் எழுதியிருந்தார். ஆபிரகாம் மலைமேல் அந்த இடத்துக்கு வைத்த பெயர்தான், 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று அர்த்தம். அப்பா அதைப் பெயராக மட்டும் வைக்கவில்லை, அதையேதான் நாள் முழுக்கச் சொல்வார். வாடகைக்குப் பணம் இல்லையா, கர்த்தர் பார்த்துக்கொள்வார். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டுமா, கர்த்தர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பஞ்சர் ஒட்டினால் காசு வாங்க மாட்டார். யாராவது கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார், எழுதி வைக்கவும் மாட்டார். ஆகாயத்துப் பட்சிகள் களஞ்சியங்களில் சேர்த்துவைக்கிறதில்லை என்ற வசனம் அவருக்கு மனப்பாடம். அந்த நம்பிக்கையில் பொய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதைப் படித்தால் நான் அவரைக் குறை சொல்வதுபோலத் தோன்றும்.

பிளஸ் டூவில் எனக்கு நல்ல மார்க். பாளையங்கோட்டையில் பி.காம். இடம் கிடைத்தது. கட்டணமும் விடுதிப் பணமும் சேர்த்துக் கட்ட ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அப்பா வழக்கம்போல அதையே சொன்னார். திங்கள் போனது, செவ்வாய் போனது. நான் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பணம் இருந்தது. ஒரு பழைய கவரில், ஐம்பது ரூபாய் நோட்டுகளாக. அப்பா முழங்கால் போட்டு அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அப்பா எழுந்து சாட்சி சொன்னார். மகளுடைய படிப்புக்கு வழியே இல்லாமல் இருந்தபோது கர்த்தர் அற்புதமாகத் திறந்தார் என்று. சபையே "ஆமென்" சொன்னது. பெண்கள் பக்கத்தில் பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா முக்காட்டை ஏன் இவ்வளவு முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சி சொருகியிருந்தாள். தென்னை விளக்குமாற்றிலிருந்து ஒடித்த குச்சி, நுனி பிசிறாமல் நகத்தால் வழித்திருந்தாள். அப்பா பேசி முடிக்கிறவரை அம்மா தலையை நிமிர்த்தவில்லை. எல்லாரோடும் சேர்ந்து அவளும் ஆமென் சொன்னாள்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவு எடுத்தேன். என் வீட்டில் யார் காதிலும் இது ஏறக்கூடாது.

பதினைந்து வருஷத்துக்குக் கணக்கு

அதற்குப் பிறகு நான் எப்படி வளர்ந்தேன் என்பதை அந்த ஒரு காட்சியை வைத்தே சொல்லிவிடலாம். பி.காம். முடித்தேன், கணக்கு எழுதுகிற வேலைக்கு வந்தேன், முதல் சம்பளத்திலேயே அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வளைகுடாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் வேலைக்குப் போனார். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு எக்ஸெல் ஷீட் இருந்தது. எந்த வருஷம் அவர் திரும்ப வர வேண்டும், எந்த வருஷம் மனை, எந்த வருஷம் வீடு, மகளுக்குப் பதினெட்டு வயதாகும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும், எனக்கு அறுபது ஆகும்போது எவ்வளவு. விலைவாசி ஏற்றத்துக்குத் தனி வரிசை. ஆறு மாதச் செலவுக்கு அவசரப் பணம், மருத்துவக் காப்பீடு, கணவர் பெயரில் டேர்ம் காப்பீடு. காப்பீடு எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இன்னும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி வரும்போது யாருடைய நகை முதலில் கழற்றப்படுகிறது என்று அவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஜெபமும் செய்தேன். தினமும் செய்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஷீட்டை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, கீழே ஒரு கையெழுத்துக்காகக் கர்த்தரிடம் நீட்டினேன். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரிடம் யாரும் என்ன வீடு கட்டலாம் என்று கேட்பதில்லை. கையெழுத்து மட்டும்தான் வேண்டும்.

2020-இல் கொரோனா நேரத்தில் கணவருக்கு வேலை போனது. வந்தே பாரத் மீட்பு விமானத்தில் இடம் கிடைக்க ஒரு மாதம் காத்திருந்து, ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் இறங்கி, தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்கு வந்தார். உங்களில் நிறையப் பேருக்கு இந்தக் கதை தெரியும், உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும். நான் போட்ட திட்டம் அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது, இதை மறைக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கென்று வைத்த பணம், வெளியே போகாமல் இருந்ததால், ஒன்பது மாதம் வந்தது. யாரிடமும் கை நீட்டவில்லை. ஆனால் நான் தூங்கவில்லை. பணம் இருந்தது, அரிசி இருந்தது, கணவர் உயிரோடு வந்து சேர்ந்திருந்தார், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மடிக்கணினியைத் திறந்து வீடு கட்டுகிற வருஷத்தை 2023-இலிருந்து 2025-க்கு மாற்றுவேன். மறுநாள் ராத்திரி 2027-க்கு. அதற்கு மறுநாள் திரும்ப 2025-க்கு. எண்கள் மாறும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். அப்பா கையில் ஒன்றுமே இல்லாமல் தூங்கினார். எனக்குக் கையில் இருந்தும் தூக்கம் இல்லை.

அந்த நாட்களில்தான் ஒரு உறவினர் போனில் கணவரிடம், "கவலைப்படாதே, கர்த்தர் உனக்குப் பெரிய திட்டம் வெச்சிருக்கார், அதான் அந்தக் கதவை அடைச்சிருக்கார்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கணவர் "சரிங்க மாமா" என்று போனை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சாயந்திரம்வரை வரவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. 'தேவ சித்தம்' என்பது அடிபட்டவர் தன் வாயால், தன் நேரத்தில், சொல்ல வேண்டிய வார்த்தை. அதை வெளியிலிருந்து நாம் எடுத்துக் கொடுத்தால் அது ஆறுதலாகப் போய்ச் சேராது. நானும் எத்தனை பேருக்கு அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அலுவலகத்தில் கர்ப்பம் கலைந்து திரும்பி வந்த ஒரு பெண்ணிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. இப்போதும் அது உறுத்துகிறது.

அம்மாவின் கலயம்

அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். 2020 ஆகஸ்டில் ஒரு விடிகாலை, நான் மடிக்கணினியை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா ஏற்கெனவே எழுந்து உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். உழக்கால் நாலு தடவை அளந்து பாத்திரத்தில் போட்டாள். அப்புறம் அந்தப் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டாள். அது கோவிலுக்கு. பிடியரிசி போடுகிற பழக்கம் நம் பக்கத்துப் பெண்களுக்குப் புதிது இல்லை, கிராமத்தில் மாசம் ஒரு தடவை வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா ஊரை விட்டு வந்தும் விடவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு பிடி அள்ளி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. தூக்கமில்லாத எரிச்சலோ என்னவோ, அன்றைக்கு என் வாயில் வந்தது வேறு. "ஏம்மா, அன்னைக்கு அப்பா சாட்சி சொல்லும்போது உனக்குக் கோபமே வரலியா? உன் கம்மல அடகு வெச்சுப் பணம் கட்டிட்டு, கர்த்தர் தந்தாருன்னு சொன்னாரே."

அம்மா கையைத் தட்டி அரிசித் தூசியை உதறினாள். "ஏட்டி, அந்தக் கம்மல நான் போட்டுக்கிடணும்னா வாங்குனேன்?"

எனக்குப் புரியவில்லை.

"நீ பொறந்த வருஷத்துல இருந்து ரெண்டாவது கலயத்துல போட்டு வெச்சதுல வாங்குனது. கலயம் நெறஞ்சா இட்லிக்கடை அக்காட்ட வித்துருவேன். அந்தக் காசுல எடுத்தேன். உனக்குன்னு எடுத்தது, என் காதுல கெடந்துச்சு, அம்புட்டுதான்."

நான் கணக்குப் பிள்ளை. அங்கேயே நின்று மனதில் கணக்குப் போட்டேன். ஒரு பிடி என்றால் சுமார் 50 கிராம். வருஷத்துக்கு 18 கிலோவுக்கு மேல். பதினேழு வருஷத்தில் 300 கிலோ அரிசி. எங்களுக்கு அரை வயிறு சாப்பாடு கிடைத்த நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களிலும் அடுப்புக்குப் பின்னால் இருந்த அந்தக் கலயத்தில் அரிசி இருந்திருக்கிறது. அது இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்போ அப்பா சொன்னது?"

"உங்கப்பா சொன்னதுல என்ன தப்பு இருக்கு? பதினேழு வருசம் அதுல கை வைக்காம இருந்தது என் சாமர்த்தியமா? எத்தன நாளு மூடியத் தொறந்துட்டு நின்னுருக்கேன் தெரியுமா. சாறிபாத் விதவை கதை வாசிப்பாவல்லா, அதத்தான் நெனச்சுக்கிடுவேன். மூடிருவேன்."

சாறிபாத் விதவையின் வீட்டில் இருந்தது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள், அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று. தீர்க்கதரிசி எலியா அவளிடம் முதலில் எனக்கு ஒரு சிறிய அடையைச் செய்து கொண்டுவா, பிறகு உனக்கும் உன் மகனுக்கும் செய் என்கிறார். எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், முதலில் கொடு என்கிற பாதியைத்தான் எப்போதும் கேட்டேன். அதே மூச்சில் உனக்கும் உன் மகனுக்கும் என்று இருப்பது அந்த விடிகாலையில்தான் காதில் விழுந்தது. அம்மா வருஷக்கணக்காக இரண்டு பாதியையும் செய்துகொண்டிருந்தாள்.

"ஏன் கோவிலுக்கு மொதல்ல போடுற? மாத்திப் போட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் வேண்டும் என்று ஒரு தவிப்பு.

"மாத்திப் போட்டா ரெண்டாவது பிடி பெருசாயிரும்" என்றாள் அம்மா. அரிசி களையத் திரும்பிவிட்டாள்.

நான் விடவில்லை. எனக்கு உள்ளே ஆறாத ஒன்று இன்னும் இருந்தது. "ஆனாலும் உன் பேரச் சொல்லியிருக்கலாம்லாம்மா." அம்மா களைந்த தண்ணீரை வடித்தாள், இன்னொரு தண்ணீர் ஊற்றினாள், அதையும் வடித்தாள். நான் போய்விடலாம் என்று திரும்பியபோது, "சொல்லிருக்கலாம்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பப் படித்தது

அந்தக் காலைக்குப் பிறகு எனக்குத் தெரிந்த வசனங்களையே வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். எரேமியா 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அட்டையில் அச்சடிக்கிறது பதினோராம் வசனம் மட்டும். அது ஒரு கடிதம், எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதியது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதாவது அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பப்போவதில்லை. நல்ல நினைவுகள் வைத்திருக்கிறேன் என்ற அதே வாயால், நீ பார்க்கமாட்டாய், உன் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னால் ஐந்தாம் வசனம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். தோட்டம் போடுவதென்றால் திட்டம் இல்லாமல் முடியுமா? கர்த்தர் திட்டம் வைத்திருக்கிறார், அதனால் நீ கையைக் கட்டிக்கொண்டு இரு என்று அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. விதை வாங்கு என்றுதான் இருக்கிறது.

யாக்கோபு நிருபத்தையும் அப்படித்தான். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் செய்து லாபம் சம்பாதிப்போம் என்கிறவர்களைக் கண்டிக்கிற பகுதி. சின்ன வயதில் இதை யாராவது வாசித்தால் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று கூசுவேன். ஆனால் போகாதே, வியாபாரம் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. ஆண்டவருக்குச் சித்தமானால், உயிரோடிருந்தால், இதைச் செய்வோம் என்று சொல்லு என்கிறார். அவர் கண்டிக்கிறது வீம்பை. நாளைக்கு நடப்பது நமக்குத் தெரியாது என்பதை மறந்து பேசுகிற பேச்சை. நம் பக்கத்தில் சித்தமானால் என்பது பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது, கல்யாணப் பத்திரிகை முதல் பஸ் டிக்கெட்வரை சொல்கிறோம். சொல்லிவிட்டு என் ஷீட்டில் ஒரு இடமாவது காலியாக வைத்திருந்தேனா என்றால், இல்லை.

பவுலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஒரு பெரிய நிம்மதி கிடைத்தது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் தன் பயணத் திட்டத்தைத் தெளிவாகப் போடுகிறார். முதலில் எருசலேம், காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிறகு ரோமாபுரி. அங்கிருந்து நீங்கள் வழிவிட்டனுப்ப ஸ்பானியா. அவர் ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தார், ஆனால் கைதியாக, கப்பல் உடைந்து, பல வருஷம் தாமதித்து. ஸ்பானியாவுக்குப் போனதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஆயத்தமாகத்தான் அந்த நிருபத்தையே எழுதினார். அவர் திட்டம் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கடிதம் நம் கைக்கு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. போட்ட திட்டம் நடக்கவில்லை என்பதற்காக அது வீண் என்று ஆகிவிடாது என்று நான் இப்போது நம்புகிறேன்.

இன்னொன்று. ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர்கள் நம்மில் இல்லை. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த இளம் பெண், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து கதவைத் தட்டியது, ஆண் மருத்துவரை உள்ளே விட முடியாமல் மூன்று கர்ப்பிணிகளும் இறந்தது, அவர் மனம் மாறியது. எல்லா ஆசிரியர்களும் அந்த இரவோடு கதையை முடித்துவிட்டு 'இதோ அடியேன், என்னை அனுப்பும்' பாட வைப்பார்கள். எனக்கு இப்போது அந்த இரவைவிட அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கினார். ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். 1900-இல் வேலூரில் சின்னதாக ஆரம்பித்து, 1902-இல் ஆஸ்பத்திரி கட்டி, தான் ஒருத்தி பார்த்தால் போதாது, இந்த ஊர்ப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அழைப்பு ஒரு ராத்திரியில் வந்தது. அதைச் செய்து முடிக்கக் கணக்கும் கடிதமும் வரவு செலவுமாக ஒரு ஆயுளே ஆனது. அந்த வரவு செலவு நோட்டும் ஜெபம்தான் என்று நான் சொன்னால் கணக்கு எழுதுகிறவள் அப்படித்தான் சொல்வாள் என்பீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஷீட்டை நான் தூக்கிப் போடவில்லை. காப்பீடுகள் அப்படியே இருக்கின்றன. 2021 மார்ச்சில் கணவருக்குத் திருநெல்வேலியிலேயே வேலை கிடைத்தது, முன்பைவிடச் சம்பளம் குறைவு, ஆனால் தினமும் சாயந்திரம் வீட்டில் இருக்கிறார். இன்னும் வாடகை வீடுதான். நான் மாற்றியது இரண்டே இரண்டு. மூன்று வருஷத்துக்கு அப்பால் இருந்த எண்களை எல்லாம் அழித்தேன், வீடு கட்டுகிற வருஷம் உட்பட. அழிக்கும்போது கை நடுங்கியது, உண்மையாகவே. அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரிசை புதிதாகச் சேர்த்து, மற்றவர்களுக்குக் கொடுப்பதை அங்கே எழுதினேன். முன்பு அது கடைசியில், மிச்சம் இருந்தால் என்று இருந்தது. தூக்கம் ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அப்பாவிடம் முதல் பிடி மட்டும் இருந்தது. எனக்கு இரண்டாவது மட்டும். அப்பா தாராளமாகக் கொடுத்ததன் செலவு அம்மாவின் கணக்கில் போனது, நான் கெட்டியாகப் பிடித்ததன் செலவு என் தூக்கத்திலும், நான் கவனிக்காமல் விட்ட எத்தனையோ பேரிடத்திலும் போயிருக்கும். சம்பளமே கையில் வாங்காத அம்மா இரண்டையும் ஒரே கையால் செய்துகொண்டிருந்தாள், அதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல்.

ஜனவரி மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈர்க்குச்சியிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்குத் தாத்தாவைச் சரியாக ஞாபகம் இல்லை, சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் போய்விட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திட்டத்தைப் பற்றியோ சித்தத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "தாத்தா கடைசிவரைக்கும் ஆச்சி பேரைச் சொல்லவே இல்லையா?" என்று கேட்டாள்.

பிப்ரவரியில் எங்கள் கோவிலில் பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு வந்தது. சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது, குரல் உடைந்தது. 1998-இல் என் கல்லூரிக் கட்டணத்தைக் கர்த்தர் தந்தார் என்று சொன்னேன். எப்படித் தந்தார் என்பதையும் சொன்னேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த கலயத்தை, இட்லிக்கடை அக்காவை, அரைப் பவுன் கம்மலை, 300 கிலோ அரிசியைச் சொன்னேன். கடைசியில் அம்மாவின் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரோடு சேர்த்து இல்லாமல், தனியாக. சபை அமைதியாக இருந்தது, அப்புறம் பின்வரிசையிலிருந்து வயதான அம்மாக்கள் சிலர் ஆமென் சொன்னார்கள்.

அம்மா மூன்றாவது வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வந்து உட்காரும்வரை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏட்டி, கிலோக் கணக்கெல்லாம் எதுக்குச் சொன்ன?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "முந்நூறுக்கு மேலயே இருக்கும்" என்றாள்.

மகள் ஐந்து இடத்துக்கும் விண்ணப்பம் போடப்போகிறாள். அவளுக்கு வேளாண்மை படிக்க ஆசை, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி கிடைத்தால் வீட்டுக்குப் பக்கம். கிடைக்குமா என்று தெரியாது. நேற்று விடுமுறை, அவள்தான் காலையில் உலைக்கு அரிசி அளந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலை முதலில் திறந்தாள். அவள் கை சின்னது, ஒரு பிடி என்பது அம்மாவின் பிடியில் முக்கால்தான் இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.